சுவரும் சித்திரமும்: சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்த வரலாறு

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது முதுமொழி. உடல் நலத்தைப் பேணாது உழைப்பவரைப் பார்த்துப் பெரியோர் இதனைக் கூறுவது வழக்கம். ஆனால், சித்திரம் எழுதுவதையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்ட ஒருவனுக்கு இம்மொழி இன்னும் நேரான பொருளைத் தருகிறது. அவனுக்குச் சுவர் என்பது சோறும் துணியும் உறைவிடமும் ஆகும். அவை இல்லாதபோது கையில் தூரிகை இருந்தும் பயனில்லை. அவற்றைத் தேடுவதிலேயே நாள் முழுதும் கழிந்துவிட்டாலோ, சுவர் எழும். சித்திரம் எழுதப்படாமலே போகும்.

இந்த இக்கட்டுக்கு விடை காண முயன்றவர் உலகில் பலர். அவர்களுள், சென்னைக்குத் தெற்கே வங்கக் கடலோரத்தில் 1966-ஆம் ஆண்டில் தங்களுக்கென ஓர் ஊரையே உருவாக்கிக்கொண்ட ஓவியர்களும் சிற்பிகளும் தனித்துக் குறிப்பிடத்தக்கவர்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்பது அவ்வூரின் பெயர். ஏறக்குறைய 30 கலைஞர்கள், நிலம் வாங்க அரசாங்கத்தின் கொடையையோ செல்வரின் நன்கொடையையோ எதிர்பார்த்து நில்லாமல், தங்கள் கைவினைப் பொருள்களை விற்று, வந்த பணத்தைச் சேர்த்து, மணல்வெளி ஒன்றை விலைக்கு வாங்கிக் குடியேறிய வரலாறு அது. கலையைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் எவரும் அறிந்து பயன்பெறத்தக்க செய்திகள் அதனுள் பல உண்டு.

கலை கற்றவனின் கவலை

பண்டைக் காலத்தில் ஓவியனையும் சிற்பியையும் கோயிலும் அரண்மனையும் காத்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவர்களில் சோழர் காலத்து ஓவியங்களை இன்றும் காணலாம். அவை சந்தையில் விலை கூறி விற்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. எழுதச் சொன்னவரே எழுதுவோரின் வாழ்வுக்கும் பொறுப்பேற்ற காலம் அது. முடியரசுகள் மறைந்தபோது அந்தப் பொறுப்பும் மறைந்தது.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் கலைப் பள்ளிகள் தோன்றின. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பவர் 1850-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி அவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று. மட்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை முதலிய கைத்தொழில்களை வளர்ப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. காலப்போக்கில் ஓவியமும் சிற்பமும் அங்கே முதன்மை பெற்றன. புகழ்பெற்ற வங்கச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி பல்லாண்டுகள் அதன் தலைவராக விளங்கினார். சென்னைக் கடற்கரையில் பாறையை நெம்பும் தொழிலாளர் நால்வரைக் காட்டும் உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பேயாகும்.

பள்ளி இருந்தது; நல்லாசிரியரும் இருந்தனர். ஆனால் படித்து வெளிவந்த இளைஞன் எங்கே செல்வான்? 1950-களில் சென்னையில் ஓவியம் விற்கும் கூடங்கள் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஓவியத்தை விலை கொடுத்து வாங்கும் பழக்கம் உடையவரோ மிகச் சிலர். பம்பாயிலும் தில்லியிலும் ஓரளவு இருந்த சந்தை தெற்கே எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே, பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவன வேலை, துணிக்கு வடிவம் வரையும் வேலை, திரைப்படத்துக்குக் காட்சி அமைக்கும் வேலை என்று ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து சென்றனர். இவை இழிந்த தொழில்கள் அல்ல. ஆயினும் மாலையில் களைத்து வீடு திரும்பும் கை, தனக்கென ஒரு கோடு இழுக்க மறுத்துவிடும். ஐந்தாறு ஆண்டுகளில், "நானும் ஒரு காலத்தில் ஓவியம் வரைந்தவன்தான்" என்று பெருமூச்சு விடுவதோடு பலருடைய கலை வாழ்வு முடிந்துவிடும்.

ஆசிரியர் பணிக்கர்

இந்த வீணடிப்பைக் கண்முன்னே கண்டு வருந்திய ஆசிரியர் ஒருவர் அப்பள்ளியில் இருந்தார். அவர்தாம் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், குடும்பச் சுமை காரணமாகச் சில காலம் வேறு வேலை பார்த்துவிட்டு, வயது இருபத்தைந்தை எட்டிய நிலையில்தான் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே ஆசிரியரானார். 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பிழைப்புக்கும் கலைக்கும் இடையே நடக்கும் இழுபறியைத் தம் சொந்த வாழ்விலேயே கண்டறிந்தவர் அவர் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கலைஞர் தனித்தனியே நின்றால் குரல் எழும்பாது என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார். 1944-ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைச் சென்னையில் தோற்றுவித்தார். கண்காட்சிகள் நடத்துவதும், கலை பற்றிய கருத்துகளைப் பேசுவதும் எழுதுவதும் அச்சங்கத்தின் பணிகள். பின்னாளில் சோழமண்டலத்தில் குடியேறியவர்களை ஒன்றாக இணைத்த முதற்கயிறு அந்தச் சங்கமேயாகும். கிராமம் எழுந்தது 1966-இல். அதற்கான நட்போ 20 ஆண்டுகளாக வளர்ந்து வந்தது. கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்க விரும்புவோர் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாதவர் முதலில் பணத்தைச் சேர்த்துப் பிறகு நம்பிக்கையைத் தேடினால், இரண்டும் கைகூடுவது அரிது. பணிக்கரும் அவருடைய மாணவரும் முதலில் நம்பிக்கையைச் சேர்த்தனர்.

1954-இல் பணிக்கர் ஐரோப்பா சென்றார். அங்கு தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மேலை நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளையும் நேரில் கண்டார். பிறர் கண்டறிந்த பாணியைத் தாம் நகல் எடுப்பதால் ஆவது ஒன்றுமில்லை என்னும் எண்ணம் நாளடைவில் அவருள் வலுப்பெற்றது. தம் மண்ணில் வேரூன்றிய புதுமை எது என்று தேடலானார். 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில், எழுத்து வடிவங்களும் கணக்குக் குறிகளும் சாதகக் கட்டங்களும் ஓவியமாகவே மாறி நிற்பதைக் காணலாம். இத்தேடல் மாணவர்களையும் பற்றிக்கொண்டது. பம்பாயையோ பாரிசையோ பார்த்து ஏங்காமல், இருக்குமிடத்திலேயே நின்று செய்யத்தக்க வேலை உண்டு என்னும் துணிவு அவர்களுக்குப் பிறந்தது.

மெழுகும் சாயமும்

துணிவு பிறந்தாலும் வயிற்றுக்கு வழி வேண்டுமே! ஓவியம் விலைபோகாத ஊரில், ஓவியரின் கை வேறு எதைச் செய்தால் விலைபோகும்? இக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடை கைவினை. அதிலும் சிறப்பாக, பாத்திக்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்குப் பாத்திக் புதியதன்று. சாவகத் தீவில் உச்சநிலை அடைந்த கலை அது. துணியின் மீது உருகிய மெழுகால் கோடும் கோலமும் வரைவர். 'சாந்திங்' எனப்படும் சிறு செப்புக் குழலோ தூரிகையோ அதற்குக் கருவி. பிறகு துணியைச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மீண்டும் மெழுகிட்டு, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் படிப்படியாகச் சென்று, இறுதியில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கினால் வண்ணக்கோலம் வெளிப்படும். மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து, நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை உண்டாக்குவதும் உண்டு. அதனால் ஒரு துணிபோல் மற்றொரு துணி அமைவதில்லை.

இக்கலை இந்தியக் கலைப்பள்ளிகளுக்குள் நுழைந்ததில் சாந்திநிகேதனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1927-இல் இரவீந்திரநாத் தாகூர் சிங்கப்பூர், மலாயா வழியாகச் சாவகம் சென்று வந்தது அந்நாட்டுக் கலைகளின்மேல் அங்கு மதிப்பை வளர்த்தது. இந்த மண்ணிலும் ஓவியர் பாத்திக்கைக் கைக்கொண்ட வரலாறு உண்டு. சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த சுவா தியான் தெங் என்னும் ஓவியர், 1950-களில் மெழுகையும் சாயத்தையும் கொண்டு மலாயா மக்களின் வாழ்க்கைக் காட்சிகளைத் தீட்டி, பாத்திக் ஓவியத்தின் முன்னோடி எனப் புகழ் பெற்றார்.

சென்னை இளைஞர்களுக்குப் பாத்திக் ஏன் ஏற்றதாக அமைந்தது என்பதை ஆராய்ந்தால், ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முறையே விளங்கும். முதலாவது, முதலீடு சிறிது. அடுப்பு, மெழுகு, சாயத்தொட்டி, துணி ஆகியவை போதும், எந்திரம் வேண்டுவதில்லை. இரண்டாவது, அதில் விலைபோவது கைத்திறன். ஓவியம் பயின்றவனின் கோட்டுக்கும் பயிலாதவனின் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் துணி காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது, வாங்குவோருக்கு அச்சமில்லை. புதுமை ஓவியம் ஒன்றைக் கண்டு, "இது நல்லதா, கெட்டதா?" என்று தயங்கி நிற்கும் அதே மனிதர், கழுத்துத் துணியையோ திரைச்சீலையையோ கண்டால் தயங்குவதில்லை; பிடித்திருந்தால் வாங்கிவிடுவார். நான்காவது, வேலையைப் பலர் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் செய்யலாம். அடுப்பும் தொட்டியும் பொதுவாக இருந்தால் செலவு குறையும்.

1960-களின் முற்பகுதியில் கலைஞர் கைவினைச் சங்கம் என்ற அமைப்பு உருவாயிற்று. பாத்திக் மட்டுமன்றி, தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் எனப் பலவகைப் பொருள்கள் செய்யப்பட்டன. அவற்றை விற்பனைக் கண்காட்சிகளில் வைத்தபோது பொதுமக்கள் விரும்பி வாங்கினர். ஓவியமாக இருந்தபோது திரும்பிப் பாராதவர்கள், அதே கையின் திறத்தைத் துணியாகவும் பாத்திரமாகவும் கண்டபோது பணப்பையைத் திறந்தார்கள்.

பணம் நிலமாயிற்று

விற்று வந்த பணத்தை அன்றன்றே பங்கிட்டுச் செலவிட்டிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். சில மாதங்கள் வாழ்க்கை எளிதாகியிருக்கும். பிறகு பழைய நிலையே திரும்பியிருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. செய்தவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, ஒரு பங்கைப் பொதுநிதியாகச் சேர்த்து வைத்தனர். அந்நிதியைக் கொண்டு, அக்காலத்து நகர எல்லைக்கு வெளியே, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைப் பாதையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். நாளடைவில் அது ஏறக்குறைய 10 ஏக்கர் பரப்புடையதாயிற்று. மணலும் சவுக்கு மரங்களும் மீனவர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. நகரத்து வசதிகள் அங்கு எட்டாத காலமாதலால் விலை மலிவாக இருந்தது.

1966-இல் கிராமம் தொடங்கியது. அதற்குச் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். ஐரோப்பிய மாலுமிகளின் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்த பழந்தமிழ்ப் பெயர் அது. தொடக்கத்தில் ஓலைக் குடில்களே எழுந்தன. பணிக்கர் 1967-இல் கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபின், கிராமத்துக்கே தம் உழைப்பை அளித்தார். சுல்தான் அலி, சேனாதிபதி, ஜெயபால பணிக்கர், ஹரிதாசன், கோபிநாத், வாசுதேவ், விசுவநாதன், பரமசிவம், நந்தன், இராமானுஜம் முதலியோரும், அனிலா ஜேக்கப், அர்ணவாஸ் போன்ற பெண் கலைஞர்களும் இம்முயற்சியில் பங்கு பெற்றனர். தமிழர், மலையாளி, கன்னடியர், பார்சி என்ற வேறுபாடு அங்கே குறுக்கே நிற்கவில்லை.

நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கு ஒதுக்குவது, எஞ்சிய பொழுதைத் தத்தம் ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ வைத்துக்கொள்வது என்பது அவர்களின் வாழ்க்கை முறையாயிற்று. கைவினை சோறிட்டது, ஓவியம் விற்றாலும் விற்காவிட்டாலும் அடுப்பு எரிந்தது. "இன்று விற்க வேண்டுமே" என்ற நெருக்குதல் இல்லாதபோதுதான், வாங்குவோரின் விருப்பத்துக்கு வளையாத ஓவியம் பிறக்கும். இதுவே அவர்கள் கண்ட ஏற்பாட்டின் உட்பொருள் ஆகும்.

பொது எது, தனி எது?

கூட்டு முயற்சி என்றவுடன், எல்லாரும் எல்லாவற்றையும் பொதுவாக்கிக்கொள்வது என்று சிலர் எண்ணுவர். சோழமண்டலத்தின் வெற்றி வேறிடத்தில் இருக்கிறது. எவை பொதுவாக இருக்க வேண்டும், எவை தனியாக இருக்க வேண்டும் என்று பிரித்தறிந்ததில்தான் அது இருக்கிறது.

நிலம் வாங்கும் முயற்சி பொது. கைவினைப் பட்டறை பொது. விற்பனைக்கூடமும் காட்சிக்கூடமும் பொது. அங்கே விற்கும் பொருளிலிருந்து ஒரு பங்கு நிர்வாகச் செலவுக்குச் செல்லும். கவிதையும் இசையும் நாடகமும் நிகழும் திறந்தவெளி அரங்கு பொது. வெளியூர்க் கலைஞர் வந்து தங்கும் விருந்தினர் குடில்களும் பொது. இவையெல்லாம் ஒருவர் தனியே அமைத்துக்கொள்ள முடியாதவை. அமைத்தாலும் நாள் முழுதும் பயன்படாதவை.

வீடு தனி. ஓவிய அறை தனி. எல்லாவற்றுக்கும் மேலாக, பாணி தனி. சுல்தான் அலியின் ஓவியங்களில் நாட்டுப்புற, பழங்குடிக் கலையின் சாயலுடைய உருவங்கள் எழுத்துகளோடு கலந்து தோன்றும். ஹரிதாசன் யந்திரம் போன்ற வடிவங்களில் தம் நெறியைக் கண்டார். பணிக்கரின் மகனான நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் ஒட்டவைத்து, கோயில் திருவாசியை நினைவூட்டும் உலோகச் சிற்பங்களைப் படைத்தார். ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தும், ஒரே மணலில் வாழ்ந்தும், ஒருவர் ஓவியத்தை மற்றவர் ஓவியமென்று எவரும் மயங்கார். ஒன்றுசேர்ந்தது பிழைப்பு, தனித்து நின்றது படைப்பு. இதை மாற்றிச் செய்திருந்தால், அதாவது எல்லாரும் ஒரே பாணியில் வரைந்து, பிழைப்பை மட்டும் தனித்தனியே தேடியிருந்தால், பத்தாண்டுகூட நிலைத்திருக்காது.

இலண்டனில் ஒரு முன்னுதாரணம்

இப்பிரிவினை எவ்வளவு முக்கியமானது என்பதை உணர, சோழமண்டலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் நடந்த மற்றொரு முயற்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1861-இல் வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞர் தம் நண்பர் அறுவரோடு சேர்ந்து இலண்டனில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஓவியர்களான ரோசெட்டி, பர்ன்-ஜோன்ஸ், மேடாக்ஸ் பிரவுன், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் ஆகியோர் அதில் இருந்தனர். எந்திரங்கள் உமிழ்ந்த மட்டமான பொருள்களுக்கு மாற்றாக, கலைஞரே வடிவமைத்த வண்ணக் கண்ணாடி, மரச்சாமான், சுவர்த்தாள், நெசவுத் துணி ஆகியவற்றை அளிப்பது நோக்கம். ஒவ்வொருவரும் ஒரு பவுன் பங்கு இட்டனர். மாரிசின் தாயார் 100 பவுன் கடனாகக் கொடுத்தார். தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி வேலைகள் கிடைத்தன. நிறுவனம் புகழ் பெற்றது.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, நாள்தோறும் உழைப்பவரும் பணம் போடுபவரும் பெரும்பாலும் மாரிஸ் ஒருவரே என்ற நிலை வந்தது. பங்கோ எழுவருக்கும் உரியது. 1875-இல் மாரிஸ் நிறுவனத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முனைந்தபோது பூசல் மூண்டது. மூவர் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தனர். மற்ற மூவர் ஆளுக்கு 1,000 பவுன் இழப்பீடு பெற்றனர். நெடுநாள் நட்புகள் அதனால் கசந்தன. நிறுவனம் மாரிசின் பெயரில் செழித்து, 1940 வரை நிலைத்தது. ஆனால் நண்பர்களின் கூட்டாக அது நீடிக்கவில்லை.

அந்த எழுவரிடம் திறமைக்குக் குறைவில்லை, நட்புக்கும் குறைவில்லை. யார் எவ்வளவு உழைப்பது, யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கணக்கு தெளிவாக இல்லாததே குறை. "கணக்குப் பார்த்தால் நட்புக் கெடும்" என்று நினைத்துக் கணக்கை ஒத்திப்போடுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. கணக்குப் பார்க்காத நட்பே பிற்காலத்தில் கெடுகிறது.

தன்னம்பிக்கையின் இயல்பு

சோழமண்டலத்தார் தன்னம்பிக்கை உடையவர்கள் என்று கூறுவது எளிது. அந்நம்பிக்கை எத்தன்மையது என்பதையே ஆராய வேண்டும்.

"நான் பெரிய கலைஞன், உலகம் ஒருநாள் என்னைத் தேடி வரும்" என்று காத்திருப்பதும் தன்னம்பிக்கை என்றே பெயர் பெறுகிறது. அது பெரும்பாலும் கசப்பில் முடிவதைக் காண்கிறோம். சோழமண்டலத்தாரின் நம்பிக்கை வேறு வகையானது. "எங்கள் கை எதையும் செய்யும், அதை வைத்துப் பிழைத்துக்கொள்வோம், பிழைத்துக்கொண்டு எங்கள் கலையைச் செய்வோம்" என்பதே அதன் வடிவம். புகழின்மீது வைத்த நம்பிக்கையன்று அது. உழைப்பின்மீது வைத்த நம்பிக்கை.

இதில் அவர்கள் ஒரு மனத்தடையையும் வென்றாக வேண்டியிருந்தது. ஓவியன் உயர்ந்தவன், கைவினைஞன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் மேலை நாட்டுக் கல்வியோடு சேர்ந்து வந்த ஒன்று. கழுத்துத் துணிக்குச் சாயம் தோய்ப்பது ஓவியனுக்கு இழுக்கல்லவா என்று கேட்போர் எக்காலத்தும் உண்டு. ஆனால் கோயில் சிற்பியையும் உலோகத் திருமேனி வார்த்த தச்சனையும் கலைஞர் வேறு, கைவினைஞர் வேறு என்று நம் மரபு பிரித்ததில்லை. மெழுகுத் தொட்டியின் அருகே நின்றபோது சென்னை இளைஞர்கள் தங்கள் மரபை விட்டு விலகவில்லை; அதனிடம் திரும்பினர் என்பதே பொருந்தும். உலோக வேலையில் பெற்ற பழக்கம் சிற்பத்துக்கும், துணியில் பெற்ற பழக்கம் ஓவியத்தின் கோட்டுக்கும் உரமாயிற்று.

தன்னம்பிக்கை தளர்ந்தவனைத் தாங்குவதும் கூட்டின் கடமை. இராமானுஜம் என்னும் இளைஞரின் வாழ்வு இதற்குச் சான்று. பேச்சுத் தடையும் மனநோயும் அவரை வாட்டின. வெளியுலகில் அவருக்கு வேலை கொடுப்பார் அரியர். பணிக்கர் அவரைக் கலைப்பள்ளியில் சேர்த்துக்கொண்டார்; பின்னர் சோழமண்டலம் இடமளித்தது. சிறகு முளைத்த விலங்குகளும் விந்தையான மாளிகைகளும் நிறைந்த கனவுலகை அவர் மையாலும் வண்ணத்தாலும் தீட்டினார். 1973-இல், முப்பதை ஒட்டிய வயதிலேயே, அவர் மறைந்தார். கூட்டு வாழ்வு அவருடைய துயரைத் தீர்த்துவிட்டது என்று கூற முடியாது. ஆனால் அது இல்லாதிருந்தால் அந்த ஓவியங்கள் தோன்றியே இரா. இன்று தென்னிந்தியப் புதுமைக் கலையைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரை விடுவதில்லை.

குறையும் மாற்றமும்

எந்த ஏற்பாடும் எக்காலத்துக்கும் பொருந்தி நிற்பதில்லை. சோழமண்டலமும் அதற்கு விலக்கன்று.

முதலில், எல்லாரும் நிலைத்துத் தங்கவில்லை. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் 1960-களின் இறுதியிலேயே பாரிசுக்குச் சென்று அங்கே பெயர் பெற்றனர். வாசுதேவ் பின்னாளில் பெங்களூரைத் தம் ஊராக்கிக்கொண்டார். எம்.வி. தேவன் கேரளம் திரும்பினார். பணிக்கரும் 1977-இல் காலமானார். ஓர் ஆசிரியரைச் சுற்றி எழுந்த கூட்டு, அவர் மறைந்தபின் கலைந்துபோவது உலக இயல்பு. இங்கே அது நேரவில்லை, மாணவர்களே பொறுப்பேற்றனர். 2017-இல் மறையும்வரை நந்தகோபால் கிராமத்தின் நிர்வாகத்தில் முன்னின்று உழைத்தார்.

அடுத்து, ஊரைத் தாங்கிய கைவினையே காலப்போக்கில் பின்னிடைந்தது. பாத்திக்கின் மோகம் குறைந்தது. ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் சந்தை வளர்ந்தது. ஓவியம் விற்கத் தொடங்கியபின், மெழுகுத் தொட்டியின் பக்கம் செல்ல யாருக்குத் தோன்றும்? சாரம் கட்டிச் சுவர் எழுப்பியபின் சாரத்தைப் பிரிப்பது இயல்பே. ஆயினும், சேர்ந்து உழைக்கும் பழக்கமும் அதனோடு குறைந்ததென்பதை மறுக்கவியலாது. இன்னொன்று, சவுக்குத் தோப்பாக இருந்த இடத்தை நகரம் வந்து சூழ்ந்துகொண்டது. அன்று ஏழைக் கலைஞர் வாங்க முடிந்த நிலத்தின் அருகே, இன்று ஓர் இளம் ஓவியர் ஒரு மனைகூட வாங்க இயலாது. ஆகவே, சோழமண்டலத்தை அப்படியே நகலெடுக்க எண்ணுபவர் ஏமாற்றமடைவர்.

ஆனால் கிராமம் இன்றும் நிற்கிறது. 2009-இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், சென்னைக் கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் ஓவியங்களையும் சிற்பங்களையும் பொதுமக்கள் காணலாம். ஒரு காலத்தில் வாங்குவாரின்றிச் சுருட்டி வைக்கப்பட்ட கலைக்கு, அதைப் படைத்தவர்களே கட்டிக்கொடுத்த இருப்பிடம் அது.

நாம் கொள்ளத்தக்கது

நிலமும் பாத்திக்கும் அவர்கள் காலத்துக்கு உரியவை. அவற்றின் பின்னே நின்ற முறையோ எக்காலத்துக்கும் உரியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இசை, நடனம், நாடகம், ஓவியம், பதிப்பு என்று பல துறைகளில் தமிழ் இளைஞர் ஆர்வம் காட்டுகின்றனர். "கலையை நம்பினால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பதும், அதற்கு விடை சொல்ல இயலாது பிள்ளைகள் வாய் மூடுவதும் பல வீடுகளில் நிகழ்வதுதான். பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதை இகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளாமல், கணக்கு என்று எடுத்துக்கொண்டால் வழி பிறக்கும்.

கலையின் அருகே நிற்கும் எந்த வேலைக்கு மக்கள் இப்போதே பணம் தர ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அவ்வேலையைச் செய்ய, பல்லாண்டு பழகி ஒருவரையொருவர் அறிந்த நால்வரோ ஐவரோ சேர வேண்டும். வரும் பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து, அனைவருக்கும் பயன்படும் ஓர் இடத்தையோ கருவியையோ வாங்க வேண்டும். எது பொது, எது தனி என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். படைப்பில் மட்டும் ஒருவர் மற்றவரைப் பின்பற்றாதிருக்க வேண்டும்.

ஈஞ்சம்பாக்கத்து மணலில் ஓலைக் குடில் போட்டவர்கள் செய்தது இவ்வளவே. சுவர் இல்லையே என்று அவர்கள் கலங்கி நிற்கவில்லை. சுவரை யாராவது கட்டித் தருவார்கள் என்று காத்திருக்கவுமில்லை. சித்திரம் எழுதும் கைகளைக் கொண்டே சுவரையும் எழுப்பிக்கொண்டார்கள்.